பலகை போதவில்லை

பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் அம்மா சொன்னதும் கூடத்தில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேரைத் தவிர. ஓவிய டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலின் அடியைப் பிடித்தாள். பாட்டு சார் அதன் மூடியைப் பிடித்தார். வட்டம் அறுபடவில்லை, அதே சமயம் ஒருவர் விரல் மற்றவர் மேல் படவும் இல்லை. பயிற்சியாளர் அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த விளையாட்டுக்குப் போனார். காலகாலமாக ஆசிரியர்களுக்கே வகுப்பெடுக்கிறவர். பிள்ளைகளைவிட அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள்தான் அதிகம் அடம் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

கோடை விடுமுறையில் ஓவிய ஆசிரியர்களுக்கும் இசை ஆசிரியர்களுக்கும் சேர்த்து வைத்த ஒரு வாரப் பயிற்சி அது. மற்ற பாடக்காரர்கள் எல்லாம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, இவர்கள் மட்டும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த பழத்தின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் "ஒரு கைதட்டு குடுப்போமா?" என்பார் பயிற்சியாளர் அம்மா. கரண்டு போனால் கைதட்டு, வந்தால் இன்னொரு கைதட்டு. முதல் நாள் சாப்பாட்டு வேளைக்குள் எல்லோருக்கும் உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஓவிய டீச்சரும் பாட்டு சாரும் ஒரே பள்ளி. பள்ளி மட்டுமா, ஒரே அறை. கலைக்கென்று பள்ளியில் ஒதுக்கியது ஒற்றை அறைதான் என்பதால், நடுவில் ஓர் இரும்பு அலமாரியை நிறுத்தி, இந்தப் பக்கம் வண்ணம், அந்தப் பக்கம் சத்தம் என்று பிரித்திருந்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு மழைக்காலத்தில், காயவைக்க வேறு இடம் இல்லாமல், பிள்ளைகளின் ஈர ஓவியங்களை அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்த கீபோர்டின் மேல் பரப்பிவிட்டுப் போனாள். அதில் ஒரு பிள்ளை கடல் வரைந்திருந்தது. தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் தெரியாத பிள்ளை. மறுநாள் காலையில் பார்த்தால் கடல் மொத்தமும் கீபோர்டுக்குள் இறங்கியிருந்தது. துடைத்துக் காயவைத்ததில் எல்லாக் கட்டைகளும் பிழைத்துக்கொண்டன, ஒன்று மட்டும் ஊமையாகிவிட்டது. அதுவும் நட்டநடுவில் இருக்கிற, அடிக்கடி வேண்டியிருக்கிற கட்டை. பள்ளிப் பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் ஓசை ஒரு கணம் அற்றுப்போய் மறுபடி வரும். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள், பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அந்த இடத்தில் வாயை மூடித் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது பள்ளி முழுவதும் அந்த இடத்தில் ஒரு விக்கல் விக்கிவிட்டுத்தான் மேலே பாடுகிறது.

பாட்டு சார் சும்மா இருப்பாரா? ஓவியக் கண்காட்சிக்கு முந்தின நாள், தொண்டைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அறையின் ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஓவிய டீச்சர் காலையில் வந்து மைதானம் முழுக்கப் படம் பொறுக்கினாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நேருக்கு நேர் பேசுவது நின்றது என்று சொல்ல வேண்டும். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் எப்படி இருப்பது? அதனால் இருவரும் அலமாரியிடம் பேசினார்கள். "அலமாரியே, தூரிகை கழுவுற தண்ணியில யாரோ டிரம் குச்சியைப் போட்டு வச்சிருக்காங்க" என்பாள் அவள். "அலமாரி, குச்சிக்கும் குளிக்கணும்னு ஆசை இருக்காதா?" என்பார் அவர். அலமாரி ஒருநாளும் ஒரு பக்கம் சாய்ந்து பேசியதில்லை. எலியும் பூனையுமாக இருந்தாலும் ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கூடத்தில் அலமாரி இல்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி நடுவில் இடம் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே தண்ணீர் பாட்டில் அலமாரியின் வேலையைப் பார்த்தது.

இரண்டாம் நாள் காலை அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைச் சட்டைப்பையில் தேடுகிற ரகம். ஆனால் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வருகிற ஆண்டு முதல் ஓவியமும் பாட்டும் தனித்தனி வகுப்பு கிடையாது. ஒரே வகுப்பு, இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து எடுக்க வேண்டும். பயிற்சியின் கடைசி நாளில் ஒவ்வொரு பள்ளி ஜோடியும் உண்மையான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நடத்த முடிந்த ஜோடி அப்படியே தொடரலாம். முடியாத பள்ளியில் ஓர் ஆசிரியர் போதும். இருவரில் பணியில் இளையவர் காலியிடம் இருக்கிற ஊருக்குப் போவார்.

அவர் உட்கார்ந்ததும் பயிற்சியாளர் அம்மா எழுந்து, எரிகிற நெருப்பில் தன் பங்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டார். "தெரிஞ்சதைச் சொல்லிக்குடுக்க யாராலதான் முடியாது? அதனால மாத்திப்போம். கடைசி நாள் வகுப்புல பாட்டு ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது, அவர்தான் வரையணும். ஓவிய ஆசிரியர் சாக்பீஸைத் தொடக் கூடாது, அவங்கதான் பாட வைக்கணும். தெரியாத ஒண்ணு முன்னாடி நிக்கும்போதுதான் பிள்ளைங்க நிலைமை நமக்குப் புரியும். இதுக்கு ஒரு கைதட்டு குடுப்போமா?"

யாரும் தட்டவில்லை.

இருவரில் இளையவள் ஓவிய டீச்சர்தான். காலியிடம் இருக்கிற ஊர் எது என்பதும் அங்கேயே விசாரித்ததில் தெரிந்துவிட்டது. ரயில் போய் நிற்கிற கடைசி நிலையம், அதற்கப்புறம் பேருந்து. வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்து போக வேண்டும். பாடுவது ஒன்றுதான் அதிலிருந்து தப்ப வழி என்றால், அவளுக்குத் தெரிந்தவரை வழியே இல்லை. அவள் பாடினால் அவளுக்கே பிடிக்காது.

சாயங்காலம் நேராகக் கணவனின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவன் ஒரு கண்ணாடிச் சில்லை விளக்குக்கு நேரே பிடித்து, ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் காலி பிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்கக் கேட்ட பிறகு அவன் சில்லைக் கீழே வைத்தான்.

"அந்த மனுஷன்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினா உன் கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"அவருக்கு என்ன வந்தது? நான் போனா அவருக்கு ரூம் பூரா கிடைக்கும். காலை நீட்டிப் பாடலாம்."

"பேசிப் பார்க்காமயே எப்படித் தெரியும்?"

"அம்மா, நீயா பாடப் போற?" என்றாள் மகள், கண்ணாடி இல்லாத பிரேம் வழியாகப் பார்த்து. "எங்களுக்கு முன்னாடியே சொல்லிடு. ஜன்னலைச் சாத்திக்கலாம்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மகள் பிரேமைக் கழற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். இந்தக் கழுதை இப்படி ஒட்டி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சிக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையையும் ஒவ்வொரு ஜோடி பிடித்துக்கொண்டது. மாடிப்படியின் கீழே ஒரு பாட்டு ஆசிரியை பூனை வரைந்தார், அது பானையாக வந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே ஓர் ஓவிய ஆசிரியர் தாலாட்டுப் பாட, காக்கைகள் இடம் மாறி உட்கார்ந்தன. எங்கே பார்த்தாலும் சிரிப்பு. ஓவிய டீச்சரும் பாட்டு சாரும் இருந்த மூலையில் மட்டும் சிரிப்பு இல்லை. அவர் சொற்கள் ஏதுமில்லாத ஒரு சின்ன மெட்டை 'ஆ' என்று இழுத்துக் காட்டினார். அவள் திரும்பப் பாடினாள். பாட்டு சாருக்குச் சுருதி விலகினால் பல் கூசும். முகம் புளித்த மோரைக் குடித்த மாதிரி போயிற்று.

"பாட்டில்கிட்ட சொல்றேன்" என்றாள் அவள். "சிலருக்கு மூஞ்சியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலை."

"பாட்டில், மெட்டு மேல ஏறும்போது இவங்க ஏன் கீழ இறங்குறாங்கன்னு கேளு."

"ஏறுது இறங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தத்துக்கு ஏது மேலயும் கீழயும்? பார்த்தாத்தானே தெரியும்!"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பாட்டிலைப் பார்த்துச் சொல்ல மறந்துவிட்டாள். அவரைப் பார்த்தே சொன்னாள், கண்ணில் நீர் முட்ட. சொன்ன வேகத்தில் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

தேநீர் வைத்திருந்த மேசை ஆட்டம் கண்ட மேசை. அவள் கோப்பையை வைத்ததும் பாதித் தேநீர் பலகையில் சிந்தியது. துடைக்கத் துணி தேடினாள். அதற்குள் பாட்டு சார் பின்னாலேயே வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் சிந்தின தேநீரையே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை அதில் தோய்த்து, மேசைமேல் ஒரு கோடு இழுத்தார். கோடு சமமாகப் போய், ஒரு மேடு ஏறி, அங்கேயே சற்று நின்று, வழுக்கி இறங்கியது.

"இப்படி" என்றார்.

அவள் கோட்டைப் பார்த்தாள். நடுக்கமான கோடு. ஆனால் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது, எங்கே தயங்குகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. கோடு படிப்பது அவள் பிழைப்பு. விரலை அதன்மேல் வைத்துத் தொடக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினாள். விரல் போன வழியே குரலும் போயிற்று. மேட்டில் ஏறியது, நின்றது, வழுக்கி இறங்கியது. பாட்டு சாரின் பல் கூசவில்லை. அவர் அவசரமாக இன்னொரு கோடு போட்டார். அதையும் பாடினாள். இன்னொன்று, கொஞ்சம் சிக்கலாக, வளைந்து வளைந்து. அதையும் பாடினாள். கோடு தடித்த இடத்தில் தானாகவே குரல் ஓங்கியது, மெலிந்த இடத்தில் அடங்கியது. பக்கத்து மேசையில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தவர் பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"டீச்சர்" என்றார் பாட்டு சார். அவளை நேராகப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்த மாதிரி அழுத்தமாக. "இத்தனை வருஷமா காது வழியா பாடப் பார்த்திருக்கீங்க. உங்களுக்குக் கண்ணு வழியா வருது. கோடு போட்டுக் குடுத்தா போதும்னு எனக்கும் தோணலை பாருங்க."

அவளுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையைத் துடைக்க மனம் வராமல் கையில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழித்துத்தான் கேட்டாள்.

"உங்களுக்கென்ன சார், நீங்க மூத்தவர். உங்களை யாரும் அசைக்க மாட்டாங்க. நான் போனாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லையே. அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

பாட்டு சார் கோப்பையின் காதைத் திருகினார். "நீங்க போயிட்டா அந்த ரூம்ல நான் யாரோட சண்டை போடுறது? அலமாரி பாவம், அதுக்குப் பேசவே தெரியாது. தினமும் காலையில வரும்போது இன்னிக்கு என்ன சொல்லி இவங்களை மடக்கலாம்னு யோசிச்சுக்கிட்டேதான் வர்றேன். அது இல்லைன்னா ஸ்கூலுக்கு வர்ற வழி ரொம்ப நீளமா இருக்கும் டீச்சர்."

அவள் அன்றைக்கு இரண்டாவது முறையாகக் கண்ணைத் துடைத்தாள். இந்த முறை காரணம் வேறு. "அந்தக் கீபோர்டு விஷயத்துல தப்பு என்னோடதுதான் சார்" என்றாள். "ஜன்னல் என்னோடது" என்றார் அவர். கணக்கு தீர்ந்துபோக, இருவரும் வேலையில் இறங்கினார்கள்.

இப்போது கற்றுக்கொடுக்கிற முறை அவளுடையது. பாட்டு சார் வரைந்தால் எறும்பு ஊர்வது போல் இருந்தது. விரல் நுனியால் கொறித்துக் கொறித்துப் போட்டார். கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. "சார், விரல்ல இருந்து போடாதீங்க, தோள்ல இருந்து போடுங்க" என்றாள். அவர் தோளை ஆட்டிப் பார்த்தார். "கை முழுசும் போகணும். அப்புறம் இன்னொண்ணு. ஆரம்பிச்சுட்டா பாதியில கையைத் தூக்கக் கூடாது. தூக்கினா கோடு செத்துப்போயிடும். என்ன ஆனாலும் தூக்காதீங்க." அவர் நல்ல மாணவர். சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு, மிச்சம் இருந்த நாட்களில் காற்றிலேயே தோளைச் சுழற்றிச் சுழற்றிப் பழகினார். வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், தோள்வலியா என்று கேட்டு ஒரு தைலத்தைச் சிபாரிசு செய்ததாக மறுநாள் சொன்னார்.

கடைசி நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பொடிசுகள். விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்ட அதிர்ச்சி சிலர் முகத்தில் இன்னும் இருந்தது. கதவோரம் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார், கையில் தேநீர், மடியில் மதிப்பெண் தாள். பயிற்சியாளர் அம்மா அவர் பக்கத்தில் நின்று, கைதட்டத் தயாராகக் கைகளைப் பாதி சேர்த்து வைத்திருந்தார்.

பாட்டு சார் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு கரும்பலகை முன் போய் நின்றார். ஓவிய டீச்சர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். ரயிலின் கடைசி நிலையம் ஒரு கணம் கண்ணில் வந்து போயிற்று.

"பசங்களா, இந்த சார் இன்னிக்குப் பேச மாட்டார். இவர் கையில இருக்கிற சாக்பீஸ்தான் பேசும். அது எங்க போகுதோ அங்க நம்ம குரல் போகணும். மேல போனா மேல, கீழ போனா கீழ. சரியா?"

"நின்னா?" என்று கேட்டது முன்வரிசையில் முன்பல் இல்லாத ஒரு பெண்.

"நின்னா நாமளும் நிப்போம்."

சாக்பீஸ் பலகையைத் தொட்டது. அவள் 'ஆ' என்று தொடங்கினாள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், முதலில் ஐந்தாறு பேர், பிறகு எல்லோரும். கோடு ஏறியது, அத்தனை பொடிக் குரல்களும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஏறின. இறங்கியபோது சிலர் குனிந்தே இறங்கினார்கள். சார் ஒரு இடத்தில் புள்ளி புள்ளியாகத் தட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே "துப் துப் துப்" என்றார்கள். அறை சிரிப்பும் பாட்டுமாக நிரம்பியது. பாட்டு சாருக்கு ஏறிய உற்சாகத்தில் தோள் கட்டவிழ்ந்துகொண்டது. பெரிய மலை ஒன்றை எழுப்பினார், மேல் சட்டத்தைத் தொட்டுத் திரும்புகிற மலை.

ஓவிய டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு மலை பலகையில் பாதியைத் தின்றுவிட்டது. மெட்டில் இன்னும் முக்கால் பங்கு பாக்கி. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. யானையின் வயிற்றைத் தாள் முழுக்க வரைந்துவிட்டு, தும்பிக்கைக்கு இடம் இல்லை என்று அழுதுகொண்டு வந்து நிற்பார்கள். தாளைப் பார்த்துட்டு ஆரம்பி, தாளைப் பார்த்துட்டு ஆரம்பி என்று அவள் கரடியாகக் கத்துவாள். இவ்வளவு வயதான மனிதருக்கு அதைச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது சொல்லலாம் என்றால் வாய் பாட்டில் இருந்தது.

கோடு பலகையின் ஓரத்துக்குப் போய் மரச்சட்டத்தில் முட்டி நின்றது. பிள்ளைகள் அந்த ஒரே ஓசையில் நின்றார்கள். சாக்பீஸை எடுக்காமல், கழுத்தை மட்டும் திருப்பி, பாட்டு சார் அவளைப் பார்த்தார். வியர்வையும் பயமுமாக ஒரு முதல் வகுப்பு முகம். அவள் தலையை இட வலமாக ஆட்டினால் போதும். அவர் கையை எடுப்பார், அழிப்பார், சின்னதாக முதலிலிருந்து போடுவார். அதிகாரியும் பெருந்தன்மையாக இன்னொரு வாய்ப்புத் தரலாம், தராமலும் போகலாம். பிள்ளைகளின் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. அத்தனை கண்களும் சாக்பீஸ் நுனியில் இருந்தன. ஒரு கண்ணிலாவது இடம் தீர்ந்துவிட்டது என்கிற கவலை இல்லை. அடுத்தது எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன. நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சை இழுத்துக்கொண்டு, தாடையால் சுவரைக் காட்டினாள்.

கோடு மரச்சட்டத்தைத் தாண்டிக் குதித்தது. பிள்ளைகளின் குரலும் 'ஹேய்' என்று தாண்டிக் குதித்தது. நெஞ்சளவுக்குக் கரும்பச்சை அடித்த சுவரில் வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடியது, மின்விசிறிப் பொத்தான்களுக்குக் கீழே வளைந்து, நாட்காட்டியைச் சுற்றிக்கொண்டு, அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் போயிற்று. அவர் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் குனிந்து வழி விட்டார். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி கோட்டின் பின்னாலேயே வந்தார்கள். கோடு கதவு நிலையில் ஏறி இறங்கி வெளியே வந்தது.

வராந்தா தூண்களால் ஆனது. தூண் இருக்கிற இடத்தில் கோடு, இல்லாத இடத்தில் வெறும் காற்று. பாட்டு சார் கையைத் தூக்கவில்லை, சாக்பீஸைக் காற்றிலேயே இழுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனார். பிள்ளைகள் அந்த இடைவெளிகளில் வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் பாடினார்கள். தங்கள் முறைக்காக அங்கே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஜோடிகள் சுவரோடு ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாலாட்டுக்காரர் தன்னை மறந்து அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். ஓரிடத்தில் வளைவு கொஞ்சம் முடக்காக விழுந்தது. ஓவிய டீச்சருக்கு விரல்கள் துடித்தன, சற்றே அகட்டிவிட்டால் என்ன அழகாக இருக்கும். பின்னால் கோத்த கைகளை இன்னும் இறுக்கினாள். முடக்கையே பாடினாள். முடக்கும் நன்றாகத்தான் இருந்தது.

படிகளில் கோடு தடதடவென்று இறங்கியபோது அவள் மூச்சு அறுந்தது. குரல் வரவில்லை. பாட்டு சார் சட்டென்று திரும்பினார். அவர் கழுத்து நரம்பு புடைப்பதையும், ஓசை தொண்டைக்கே வந்துவிட்டதையும், உதடுகளைப் பல்லால் கடித்து அதை உள்ளேயே நிறுத்துவதையும் அவள் பார்த்தாள். வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று. ஆனால் பாட்டு நிற்கவில்லை. முன்பல் இல்லாத பெண் தலைமை ஏற்று, காற்று ஒழுகும் வாயால் உரக்க இழுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். டீச்சர் பாடாததை ஒருவரும் கவனிக்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே ஓடிப் போய்த் தானும் வரிசையில் சேர்ந்துகொண்டு பாடினாள். தன் குரல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நினைக்காமல் பாடுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது!

சிமெண்டுத் தரையில் குனிந்து இழுத்துக்கொண்டே போன பாட்டு சாரின் கையில் சாக்பீஸ் நகத்தளவுதான் மிச்சம். அது தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவரிடம் இல்லை. கோடு வாசல் கேட்டுக்கு முன்னால் வந்து, நீளமாக, சமமாக, ஒரே ஓசையில் நகர்ந்தது. கேட்டுக்கு வெளியே சாலை. காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திறப்பதா வேண்டாமா என்று கட்டடத்தைப் பார்த்தார். அங்கே மதிப்பெண் தாள் நாற்காலியிலேயே கிடக்க, ஒரு கையில் தேநீரும் தலைமேல் கண்ணாடியுமாக அதிகாரி படிகளில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"எங்கே?" என்று கத்தினார். மூச்சு வாங்கியதில் அது நீண்டு, மேலே ஏறி, அப்படியே தொங்கியது. "எங்கேஏஏ போறீங்க?"

பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. ஆனால் கேட்ட ஓசையை விடுவார்களா? "எங்கேஏஏ" என்று அத்தனை பேரும் அதே உயரத்துக்கு ஏறினார்கள். பாட்டு சாரின் தோள் அதற்குத் தக்கபடி ஒரு வளைவு வளைந்தது. காவலாளி தாழ்ப்பாளை இழுத்தார். வெள்ளைக் கோடு கேட்டின் இரும்புத் தண்டவாளத்தை ஒரு துள்ளலில் கடந்து சாலையில் இறங்க, அந்த வழியே வந்த சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி, கோட்டுக்கு வழி விட்டார்.